தேனீக்களுக்குச் சொல்லாத சாவு

ஆர்ட்சுபியின் மன்னர் பெலாஸ்கோ செத்துப்போன பிறகும் பல வருடங்கள் ஆட்சி செய்தார். அந்த வருடங்களில் கம்பளிக்கு நல்ல விலை கிடைத்தது. அவர் செத்ததில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆடுகள் மலைமேய்ச்சலுக்குக் கிளம்பும் நாளன்று காலையில், வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, ஒரு வியாபாரியிடம் கிடாய் ஒன்றுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர், பாதியில் பேச்சை நிறுத்தினார். வியாபாரி அதைப் பேரத்தின் ஒரு வித்தை என்று நினைத்துத் தானாகவே விலையில் இறங்கி வந்தான். அப்படியும் பதில் இல்லாததால் இன்னும் இறங்கினான். அதற்கப்புறம்தான் மன்னரின் இமை ஆடவில்லை என்பதைக் கவனித்தான். பாதிரியார் கலிந்தோ வந்து மூக்கருகே கோழியிறகைப் பிடித்துப் பார்த்தார், எண்ணெய் பூசினார், ஜெபம் சொன்னார், மணியை அடிக்கச் சொன்னார். பெண்கள் உடம்பைக் கழுவித் துணி சுற்றினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது, ஒன்றைத் தவிர. தேனீக்களிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. அதனால் மறுநாள் காலை மன்னர் எழுந்து உட்கார்ந்து, கிடாய்ப் பேரத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வியாபாரி கடைசியாக இறங்கிய விலைக்கே முடித்தார். செத்தவர் காதில் அது விழுந்திருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

ஆர்ட்சுபி பெரிய ராஜ்ஜியம் என்று யாரும் சொல்லிக்கொண்டதில்லை. கிழக்குக் கணவாயில் ஒருவன் தும்மினால் மேற்குக் கணவாயில் அவனுக்கு ஆசீர்வாதம் சொல்லிவிடுவார்கள். ஆனால் வழக்கங்களில் எந்தப் பேரரசுக்கும் குறைந்ததில்லை. இங்கே மனிதர்களுக்கு வீடு சொந்தமில்லை. வீட்டுக்குத்தான் மனிதர்கள் சொந்தம். யாருக்குப் பிறந்தவரானாலும் எந்தக் கூரையின் கீழ் அடுப்பு மூட்டுகிறாரோ அந்த வீட்டின் பெயர்தான் அவருக்கு. தலைப்பிள்ளை ஆணோ பெண்ணோ, வீடு அந்தப் பிள்ளைக்கு; மற்றவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டிலிருந்து மாதா கோயிலுக்குப் போகும் வழியில் முதலில் எந்த வீடு வருகிறதோ, அந்த வீட்டார்தான் அதற்கு முதல் அயல். சாவு விழுந்தால் முதல் அயல் வந்து சிலுவையைத் தூக்க வேண்டும், அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அடுப்புக்கு மேலே கொப்பரை தொங்கும் சங்கிலியைப் பிடித்து இன்னார்தான் இனி இந்த வீட்டுக்கு என்று சத்தியம் செய்ய வேண்டும். பிறகு தோட்டத்துக்குப் போய், சாணம் மெழுகிய தேன்கூடைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, எஜமான் போய்விட்டதையும் புது எஜமான் யார் என்பதையும் சொல்லி, கோயில் விளக்குக்கு மெழுகு கேட்க வேண்டும். வீட்டுக்காரர்களே போய்ச் சொன்னால் தேனீக்கள் நம்புவதில்லை. சொந்தக்காரர்கள் துக்கத்தில் ஒன்றைச் சொல்வார்கள், ஆசையில் ஒன்றைச் சொல்வார்கள் என்பது அவற்றுக்குத் தெரியும். தேனீக்கள் ஏற்றுக்கொள்ளாத சாவு எங்கள் மலையில் செல்லாது.

அரண்மனைக்கு முதல் அயல் எலிசால்தே வீடு என்பதில் முன்பெல்லாம் சந்தேகமே இருந்ததில்லை. ராணி இறந்தபோதுகூட எலிசால்தே வீட்டுச் செமேனோதான் தேனீக்களிடம் போய்ச் சொன்னான். ராணியும் மரியாதையாகப் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பின் ஒரு மாசி மாதத்தில் பனி சரிந்து பழைய கோயில் தரைமட்டமானது. புதிய கோயிலை ஓடைக்கு அந்தப் பக்கம், பாலத்தைத் தாண்டிக் கட்டினார்கள். பாதிரியாருக்கு வெயில் வேண்டியிருந்தது. அரண்மனை வாசலிலிருந்து இறங்கும் பாதை ஓடைக்கரையில் இரண்டாகப் பிரிகிறது. பழைய கோயில் பக்கம் திரும்பினால் முதலில் வருவது எலிசால்தே. பாலத்தின் பக்கம் திரும்பினால் இரியார்தே. கோயிலை மாற்றியவர்கள் வழக்கத்தையும் கூடவே தூக்கி வைக்க மறந்துவிட்டார்கள். மன்னர் செத்த அன்று செமேனோ தேன்கூடைகளிடம் வந்தபோது, இரியார்தே வீட்டுத் தலைவி மான்சியா ஏற்கெனவே அங்கே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

“கையை எடு செமேனோ. கோயில் இப்ப எங்க பக்கம். வழி மாறினா அயலும் மாறும்.”

“கோயில்தானே ஓடிப்போச்சு? எங்க வீடு ஓடலையே.”

“உங்க வீடு ஏன் ஓடப்போகுது, உங்க கூரைதான் காத்தடிக்கிற பக்கமெல்லாம் ஓடுது!”

“உன் வாயை அந்தக் கூடைக்குள்ள விட்டா தேனீ எல்லாம் தானா செத்துரும். அப்புறம் யாருகிட்ட சொல்றது?”

பொழுது சாயும்வரை ஒருவர் கையை மற்றவர் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு கூடைகூடத் தட்டப்படவில்லை. மறுநாள் எழுந்துவந்த மன்னரிடமே வழக்கைக் கொண்டுபோனார்கள், ஏனென்றால் ராஜ்ஜியத்தில் வேறு நீதிபதி கிடையாது. அவர் இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் சாவு வழக்கில் தானே தீர்ப்புச் சொல்வது முறையில்லை என்று தள்ளிவைத்தார்.

செத்த மன்னர் நல்ல மன்னராக இருந்தார் என்பதை அவருக்கு ஆகாதவர்களும் ஒத்துக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது சபையில் தூங்கிவிடுவார்; இப்போது அவருக்குத் தூக்கமே இல்லை. முன்பு நல்ல ஆட்டுப் பாலாடைக்கட்டியோடு வந்தவன் பக்கம் தீர்ப்பு கொஞ்சம் சாயும். இப்போது எதிலும் ருசி இல்லாததால் தீர்ப்புகள் நேராகவே வந்தன. குளிர்காலத்தில் எல்லோர் வாயிலிருந்தும் புகை வர, அவர் வாயிலிருந்து மட்டும் வெறும் வார்த்தை வரும். பாதிரியார் கலிந்தோ சமவெளிக்கு இறங்கியபோது இது பற்றி மறைமாவட்ட ஆயரிடம் கேட்டார். ஆயர் முதலில் சிரித்தார், பிறகு சிலுவை போட்டுக்கொண்டார், பிறகு சாப்பிடப் போய்விட்டார். அதனால் பாதிரியார் தானே ஒரு முடிவெடுத்து, மன்னரைக் கோயிலுக்குள் அனுமதித்து, கதவோரமாக உட்கார வைத்தார். பிள்ளைகள் அவர் மடியில் ஏறி, சில்லென்று இருக்கிறது என்று இறங்கிவிடுவார்கள்.

மன்னரின் ஒரே மகள் ஒச்சாந்தா முதலில் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்தாள். கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு பேரும் சேர்ந்து போய்த் தட்டலாமே என்றுகூடச் சொன்னாள். சேர்ந்து போனால் யார் முதலில் தட்டுவது என்பதில் பேச்சு நின்றது. அப்புறம் ஒருநாள், தெற்கேயிருந்து உப்பேற்றிவந்த கோவேறு கழுதைக்காரர்கள், தெற்கை ஆளும் பெரிய ராஜா அவளுடைய அப்பாவின் உடல்நலத்தை ரொம்ப அக்கறையாக விசாரித்ததாகச் சொன்னார்கள். அன்றோடு அவள் நடையை நிறுத்திவிட்டாள். காரணம் ஊருக்கே தெரியும். முன்பு ஒரு பஞ்ச காலத்தில், பள்ளத்தாக்கில் மரப்பட்டையை இடித்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது, பெலாஸ்கோ தெற்கே போய்ப் பெரிய ராஜாவிடம் தினை கேட்டார். தினை வந்தது. கூடவே ஒரு சத்தியமும் வந்தது. பெலாஸ்கோ ஆண் வாரிசில்லாமல் செத்தால் ஆர்ட்சுபி பெரிய ராஜாவுக்கு. ஊர் அன்று தினையைத் தின்றது. யாரும் சத்தியத்தைக் குறை சொல்லவில்லை. அப்பாவைத் தூங்க விட்டால் பள்ளத்தாக்கு போய்விடும், பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டால் அப்பா இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற இடத்தில் ஒச்சாந்தா வந்து நின்றாள்.

“என்னம்மா, அந்த ரெண்டு பேரும் இன்னும் ஒத்துவரலையா?” என்று அவர் அவ்வப்போது கேட்பார்.

“இல்லப்பா. செமேனோ ரொம்பப் பிடிவாதமா இருக்கான்.”

“நீ இன்னொரு வாட்டி பேசிப் பாரேன்.”

“பேசுறேன்பா. இந்தக் கம்பளி வேலை முடியட்டும்.”

கம்பளி வேலை முடியும். ஆப்பிள் பிழியும் காலம் வரும். அது முடிந்தால் பனி விழும். மகள் பொய் சொல்கிறாள் என்பது மன்னருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது மகளுக்கும் தெரியும். அவள் கணப்பில் இன்னொரு கட்டையைப் போடுவாள். அதில் அவருக்குச் சூடு தெரியாது என்றாலும், நன்றாக இருக்கிறது என்று சொல்லுவார்.

இப்படியிருக்கையில் பெரிய ராஜாவின் தூதன் ஃபோர்தூன் குதிரையேறி வந்து சேர்ந்தான். தெற்கத்திச் சீமான், நல்ல அங்கி, ஈரத்துக்குத் தாங்காத செருப்பு. பெரிய ராஜா அவனுக்குக் கொடுத்திருந்த அதிகாரம் சாதாரணமானதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் அவன் வாய் சொல்வது ராஜாவின் வாய் சொன்னதற்குச் சமம். வந்தவுடன் தன் கேடயத்தைத் துடைத்து மன்னரின் மூக்குக்கு நேரே பிடித்தான். மூச்சின் ஆவி படியாமல் கேடயம் பளபளவென்றே இருந்தது.

“ஐயா, நீங்க செத்துட்டீங்க,” என்றான்.

“தெரியும் தம்பி. நனைஞ்சு வந்திருக்க, உட்காரு. யாராவது இவனுக்குக் கொஞ்சம் ஆப்பிள் கள்ளு ஊத்துங்கப்பா.”

ஊரில் விசாரித்தான். ஆமாம், செத்துவிட்டார், ஆனால் இன்னும் சொல்லவில்லை என்றார்கள் எல்லோரும், அடுப்பில் வைத்தாயிற்று, இன்னும் வேகவில்லை என்கிற மாதிரி. சங்கதி தெற்கே போனது. சரியாகச் சாகும்வரை அங்கேயே இருந்து பார்த்துக்கொள் என்று உத்தரவு வந்தது. கொஞ்ச காலம் அரண்மனைத் தொழுவத்தில் படுத்துப் பார்த்தான். பசுக்கள் அவனுக்குப் பழகிக்கொண்டன, அவனுக்குத்தான் பழகவில்லை. வீடு கட்டிக்கொள்ள இடம் கேட்டான். அரண்மனைக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரும் கண்ணில் பட வேண்டும் என்பதால், பாதை பிரிவதற்கு முன்னால், அரண்மனை வாசலுக்கு நேர் கீழே இடம் பார்த்தான். தூதனைத் தன் பக்கம் இழுக்கலாம் என்று செமேனோ ஓக் உத்தரங்கள் கொடுத்தான்; அது கேள்விப்பட்டு மான்சியா கூரை ஓடுகள் கொடுத்தாள். அடுப்பு மூட்டியதும் ஊர் அந்த வீட்டை எச்சேபெரி என்றது. எச்சேபெரி என்றால் புதுவீடு; அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. ஒச்சாந்தா பக்கத்து வீட்டுக்குச் செய்ய வேண்டிய மரியாதையாக அரண்மனைத் தோட்டத்திலிருந்து ஒரு தேன்கூடையைக் கொடுத்தனுப்பினாள்.

வருடங்கள் போயின. தெற்கத்தி அங்கியைப் பூச்சி தின்றது; ஃபோர்தூன் ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டான். மேகத்தைப் பார்த்து மழை சொல்லக் கற்றான், பனியில் தொலைந்த ஆட்டைத் தேடப் போனான், திட்டுவதற்கு எங்கள் வார்த்தைகளையே பயன்படுத்த ஆரம்பித்தான். மதியம் ஆனால் மேலே ஏறிப்போய் மன்னரோடு பகடை உருட்டுவான். ஜெயித்தால் மன்னர் சிரிப்பார், தோற்றாலும் அப்படியே. அது ஃபோர்தூனுக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் பகடைக்குப் போகாவிட்டால் அதைவிட எரிச்சலாக இருக்கும்.

விஷயம் வெளிப்பட்டது குருத்தோலை ஞாயிறன்று. அன்று ஊர்வலம் அரண்மனையிலிருந்து கிளம்பும். வழியில் வரும் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வாசல் வந்ததும் வரிசையில் சேர்ந்துகொள்வார்கள். மற்ற வருடங்களில் ஃபோர்தூன் பெரிய ராஜாவின் ஆள் என்ற முறையில் நேராகக் கோயிலில் போய் உட்கார்ந்துகொள்வான். அந்த வருடம் கால் சுளுக்கியிருந்ததால் வீட்டு வாசலிலேயே நின்றான். மன்னரும் ஒச்சாந்தாவும் கடந்ததும், எல்லோரும் செய்வதைப்போலவே கையில் இலைக்கொத்தோடு நொண்டி நொண்டி அவர்களுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டான். இரண்டு அடி போனதும் பின்னால் சத்தம் ஏதும் இல்லாததைக் கண்டு திரும்பினான். ஊர்வலம் நின்றிருந்தது. மன்னருக்கு அடுத்தபடி அவன் நிற்பதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பழைய வழியில் போனாலும் புது வழியில் போனாலும் அரண்மனையை விட்டு இறங்கினால் முதலில் வரும் வீடு எச்சேபெரிதான்.

ஓடைக்கரையில் காத்திருந்த செமேனோவும் மான்சியாவும், எத்தனையோ காலத்துக்குப் பிறகு, ஒருவர் முகத்தை ஒருவர் திட்டாமல் பார்த்துக்கொண்டார்கள்.

“மான்சியா, வந்தவன் தட்டிக்கிட்டுப் போயிட்டான் பாத்தியா!”

“நீ குடுத்த உத்தரம்தானேய்யா.”

“மேல போட்டது உன் ஓடு!”

அன்று மாலையே இருவரும் சேர்ந்து அவன் வீட்டுக்குப் போய், முதல் அயலின் கடமைகளை வரிசையாக ஒப்பித்தார்கள். சிலுவை, அடுப்பு, சங்கிலி, சத்தியம், தேனீ. ஃபோர்தூன் மந்தபுத்திக்காரன் இல்லை. பெரிய ராஜாவின் வாயை வைத்துக்கொண்டு ஒச்சாந்தாவின் பெயரைச் சொன்னால், பெரிய ராஜா தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுத்ததாக ஆகும். பெரிய ராஜாவின் பெயரைச் சொன்னால், தினம் பகடை உருட்டியவரின் மகளை அவளுடைய அடுப்பிலிருந்தே எழுப்பிவிட்டதாக ஆகும். சொல்லவே சொல்லாவிட்டால் இப்படியே இருக்கலாம். அவன் சொல்லாமல் இருப்பதைத் தேர்ந்தெடுத்தான். நான் காத்திருக்க வந்தவன், சொல்ல வந்தவன் இல்லை என்றான். பகடைக்கு மட்டும் வழக்கம்போலப் போனான்.

அந்த வருடப் பனிக்காலத்தில் ஒரு மதியம், மன்னர் உருட்டப்போன பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“ஃபோர்தூன், எனக்குக் குளிருதுய்யா. நெருப்புக்குள்ளயே காலை வச்சாலும் குளிருது. ஊரே குறட்டை விட்டுத் தூங்குது, நான் ஒவ்வொரு வீட்டுக் குறட்டையையும் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். செமேனோ குறட்டை எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? அதை ஒரு மனுஷன் எத்தனை வருஷம் கேப்பான்? என் மக உங்கிட்ட கேக்க மாட்டா. அதான் நான் கேக்குறேன்.”

“பெரிய ராஜா என் தலையை எடுத்துருவாருங்க.”

“எடுத்தா எடுக்கட்டும். உன் சாவைத் தேனீகிட்ட யாரும் சொல்லக்கூடாதுன்னு நான் சொல்லி வச்சுட்டுப் போறேன்.”

ஃபோர்தூனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடி நிமிர்ந்தவன் கதவருகே ஒச்சாந்தா நிற்பதைப் பார்த்தான். கையில் கணப்புக்குக் கொண்டுவந்த விறகு இருந்தது. அவள் அதை நெருப்பில் போடவில்லை, தரையில் வைத்தாள்.

“போய்ச் சொல்லிருங்கண்ணே,” என்றாள். “யாரு பேரை வேணும்னாலும் சொல்லுங்க. உங்க ராஜா பேரையே சொல்லுங்க. நான் அத்தை வீட்டுப் பக்கம் போய் ஆடு மேச்சுக்கிறேன். அப்பா தூங்கட்டும்.”

பேரம் தெரிந்தவர்களிடையே இது பற்றி இன்றும் பேச்சு உண்டு. உங்களுக்குத் தோன்றியதைக் கொடுங்கள் என்று சொல்லும் வியாபாரிதான் பல சமயம் கூடுதலாக வாங்கிக்கொண்டு போகிறான், ஒச்சாந்தா இந்த மலையிலேயே கெட்டிக்காரி என்கிறார்கள் அவர்கள். விறகை வைத்தபோது அவள் முகத்தைப் பார்த்த ஃபோர்தூன் அப்படிச் சொன்னதே இல்லை.

ஃபோர்தூன் எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சங்கிலியைப் பிடித்தான். நெருப்பாய்ச் சுட்டுக்கொண்டிருந்த சங்கிலி, ஆனாலும் விடவில்லை. அவன் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது, பெயர் கேட்கவில்லை. பிறகு பனியை மிதித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். செய்தி எப்படியோ பரவி, செமேனோவும் மான்சியாவும் பாதி ஊரும் வேலியோரம் வந்து நின்றுவிட்டார்கள். பனிக்காலம் என்பதால் கூடைகள் சத்தமில்லாமல் இருந்தன. வெந்துபோன கையால் முதல் கூடையைத் தட்டினான்.

“அம்மாக்களே, நான் எச்சேபெரி வீட்டு ஃபோர்தூன், முதல் அயல். உங்க எஜமான் பெலாஸ்கோ போயிட்டாரு. கோயில் விளக்குக்கு மெழுகு வேணும், மனசு வைங்க.” இங்கே கொஞ்சம் நிறுத்தினான். மான்சியா செமேனோவின் சட்டையைப் பிடித்துக்கொண்டது அவளுக்கே தெரியவில்லை. “இனி உங்க எஜமானி ஒச்சாந்தா. அவருக்கு உழைச்ச மாதிரியே இவளுக்கும் உழைங்க.”

கூடைக்குள் மெதுவாக ஒரு ரீங்காரம் எழுந்து அடங்கியது. அடுத்த கூடைக்கும் அதையே சொன்னான், அதற்கடுத்ததற்கும். உள்ளே, கணப்பருகே, மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மன்னர் திடீரென்று காலை இழுத்துக்கொண்டார்.

“சுடுதும்மா,” என்றார், ஆச்சரியமாக. “நல்லா சுடுது.”

அதற்குள் கடைசிக் கூடையும் தட்டப்பட்டுவிட்டது. பகடை அவர் கையிலிருந்து உருண்டு விழுந்தது. எந்த முகம் மேலே விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. தான்தான் ஜெயித்திருப்பேன் என்று ஃபோர்தூன் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடக்கம் முடிந்ததும் வீட்டுத் தலைவர்கள் ராணியாக்குவதற்காக ஒச்சாந்தாவைக் கேடயத்தில் ஏற்றித் தூக்கினார்கள். அதற்கு முன்னால், இங்கே வழக்கப்படி, அவள்தான் முதலில் ஊருக்குச் சத்தியம் செய்தாள், ஊர் அதற்கப்புறம் அவளுக்குச் செய்தது. முன் விளிம்பு யாருக்கு என்று செமேனோவும் மான்சியாவும் இழுத்துக்கொண்டதில் கேடயம் சாய்ந்து, ராணி இருவர் தலைமயிரையும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃபோர்தூன் பனி உருகியதும் தெற்கே போய், நடந்ததை ஒளிக்காமல் பெரிய ராஜாவிடம் சொன்னான். பெரிய ராஜா அந்தக் கணவாயில் ஒரு படையை ஏற்றக் குதிரைகளுக்கு எவ்வளவு தீனி வேண்டும் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் ஆர்ட்சுபி மீது அவருக்கிருந்த ஆசை குறைந்தது. அதோடு, தன் வாயே சொன்ன சொல்லைத் தான் மறுத்தால் நாளைக்குத் தன் தூதனை எவன் நம்புவான் என்ற யோசனையும் வந்திருக்க வேண்டும். ஃபோர்தூனின் தலையை விட்டுவிட்டுக் குதிரையை எடுத்துக்கொண்டார். அவன் நடந்தே வீட்டுக்கு வந்தான். எந்த வீட்டுக்கு என்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

வெகுகாலம் கழித்து, கம்பளி கத்தரிக்கும் பருவத்தில், ஃபோர்தூன் பாதி கத்தரித்த ஆட்டின் மேலேயே சாய்ந்து செத்துப்போனான். எச்சேபெரிக்கு முதல் அயல் யார் என்ற கேள்வி திரும்ப ஓடைக்கரையில் வந்து நின்றது. ஆனால் செமேனோவுக்கும் மான்சியாவுக்கும் வயதாகியிருந்தது, பெலாஸ்கோவின் புகை வராத வாயும் மறந்திருக்கவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒன்றாகவே தட்டிவிடலாம் என்று அவனுடைய ஒற்றைத் தேன்கூடையை நோக்கி வந்தார்கள். மறுநாள் விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஃபோர்தூன் எழுந்து உட்கார்ந்து மீதி ஆட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தான்.

“ஃபோர்தூன், சொல்லிறலாமா?” என்று கேட்டாள் மான்சியா.

அவன் ஆட்டைப் பார்த்தான், மந்தையைப் பார்த்தான். “இந்த ஒண்ணை முடிச்சுக்கிறேன்,” என்றான். அவர்கள் வேலியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ராணி ஒச்சாந்தாவும் இறங்கி வந்து ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டாள். முடித்தான், கத்தரிக்கோலைத் துடைத்து வைத்தான், தலையாட்டினான்.

அன்றிலிருந்து ஆர்ட்சுபியில் யார் செத்தாலும், தேன்கூடைப் பக்கம் போவதற்கு முன் செத்தவரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சிலர் உடனே போகச் சொல்வார்கள். சிலர் மருமகளிடம் சொல்ல விட்டுப்போனதைச் சொல்லி முடிக்கும்வரை பொறுக்கச் சொல்வார்கள். பெரும்பாலானவர்கள் மதியச் சாப்பாடு வரை அவகாசம் கேட்பார்கள். ருசி தெரியாது என்று எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் கேட்பதில்லை.